ஒரே குழியில் நாலு மரம்

ரைட்டம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, கையில் மண்வெட்டியோடு வீட்டின் பின்பக்கக் கதவைத் திறந்தாள். அங்கே அவளுடைய புருஷன் ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் கட்டைவிரலில் ஒட்டி ஒட்டி வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். காலால் நிலம் அளக்கும் மனிதனைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் சந்தேகம் வரும். ரைட்டம்மாவுக்கும் வந்தது.

என்ன அளவு என்று கேட்டாள். கார் ஷெட்டுக்கு என்றார். மண்வெட்டி எதற்கு என்று அவர் கேட்டார். மரம் வைக்க என்றாள். இருவரும் காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்ததோ ஒரு பெரிய அறை அளவுக்குக் காலி மண். சுற்றிலும் சுவர், பின்பக்கச் சந்துக்குத் திறக்கும் ஓர் இரும்புக் கதவு, நடுவில் துணி காயும் கயிறு, மேலே ஈவு இரக்கமில்லாத வெயில். அந்தத் துண்டு நிலத்துக்குள் இத்தனை வருஷமாக இரண்டு பேருடைய ஆசைகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒளிந்திருந்தன.

இந்தத் தம்பதியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பஸ் டிரைவர். அவள் அதே பஸ்ஸில் கண்டக்டர். முதலில் அவருக்கு அவள் வெறும் குரல்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தால் நிறுத்துவார், இரண்டு வந்தால் எடுப்பார். பிறகு தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்தக் குரலுக்கு ஒரு முகமும், முகத்துக்கு ஒரு முறைப்பும் இருப்பதைக் கண்டார். அப்புறம் அவர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். கல்யாணப் பேச்சைக்கூடக் கண்ணாடியிலேயே முடித்துக்கொண்டவர்கள் என்று டெப்போவில் இன்றைக்கும் கேலி உண்டு. "ரைட், ரைட்" என்று அவள் போடும் சத்தம் அடுத்த ஸ்டாப்புக்குக் கேட்கும் என்பதால் அவளுக்கு ரைட்டம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அவள் வெறும் ரைட்டு. அவளுக்கு அவர், கோபம் இல்லாத நாளில் என்னங்க, கோபம் வந்த நாளில் டிரைவர் சார்.

டிரைவரின் ஆசை எளிமையானது. வாழ்நாள் முழுக்க ஊரான் வண்டியை ஓட்டியவர் அவர். டெப்போ மெக்கானிக் ஒருவர், தன் பழைய சின்னக் காரைப் பிரித்துப் பூட்டிச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தார். சொந்த வண்டி, சொந்த ஷெட், காலையில் எழுந்ததும் அதைத் துடைக்க ஒரு சொந்தத் துணி. அவ்வளவுதான்.

ரைட்டம்மாவின் ஆசைக்குப் பின்னால் ஒரு துக்கம் இருந்தது. அவளுடைய பஸ் போகும் வழியில் ஒரே ஒரு ஸ்டாப்பில் பெரிய மரம் ஒன்று நின்றது. உச்சி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, நூறு பேரின் வேர்வைக்கு நடுவே நின்றபடி வருகிறவளுக்கு, அந்த ஸ்டாப்பில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரம் மட்டுமே சொர்க்கம். படியில் ஒரு கால் வைத்து, தலையை வெளியே நீட்டி, அந்த நிழலை முகத்தில் வாங்கிக்கொள்வாள். வேண்டுமென்றே கிளம்பும் விசிலைத் தாமதமாக ஊதுவாள். ஒருநாள் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு அந்த ஸ்டாப்பில் அவள் விசிலே ஊதவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தபோது, சில்லறைப் பையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. கணக்கில் ஏதோ குறைகிறதோ என்று நினைத்துவிட்டார்.

இப்போது அந்த இரண்டு ஆசைகளும் ஒரே துண்டு மண்ணில் மோதிக்கொண்டன. வழக்கைத் தீர்க்க மாடிக்கு ஆள் போனது.

மாடி அறையில் இருந்தவள் டிரைவரின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரம் தீர்ப்புகளை அடித்த விரல்கள் என்பதால் தானே ஆயிரம் தீர்ப்புகளைச் சொன்னதாக ஒரு நினைப்பு அவளுக்கு. ரைட்டம்மாவுக்கு அவள் அண்ணி. அண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரப்பையும் கேட்டாள். தீர்ப்பை எழுதிக் கொடுக்கும்படி இருவரும் கேட்டதற்கு, எழுதினால் ஆளுக்கொரு வாய்தா வாங்குவீர்கள் என்று மறுத்துவிட்டாள்.

"இந்த வெயில் காலம் போகட்டும். அடுத்த வெயில் காலம் முடிஞ்சு மொத மழை வர்றதுக்குள்ள, இவ வெச்ச மரத்துல பழுத்த பழத்த நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டா எடம் இவளுக்கு. இல்லன்னா ஷெட்டு. அப்புறம் என்கிட்ட மூக்கால அழக்கூடாது."

டிரைவர் உள்ளுக்குள் சிரித்தார். செடி வைத்து அடுத்த வருஷமே பழமாவது? அதுவும் பாத்திரத்தை வெளியே வைத்தால் கை சுடும் இந்த மண்ணில்? பெருந்தன்மையாகச் சரி என்று தலையாட்டினார்.

ரைட்டம்மா நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரர், இருக்கிற இடத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு மரம் வைக்கலாம், மிஞ்சிப் போனால் இரண்டு, இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும் என்றார். ரைட்டம்மா காதில் வாங்கவில்லை. அவள் கண் வேறெங்கோ இருந்தது. மத்தியான வெயிலில் நர்சரியின் நடுவே நெருக்கியடித்து அடுக்கியிருந்த கன்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன. வாசலோரம் அழகுக்காகத் தனித்தனியே வைத்திருந்தவையோ இலை கருகி, தலை தொங்கி, கடைசி பஸ்ஸை விட்டவர்கள்போல நின்றன.

அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூட்டமான பஸ்ஸில் எவ்வளவு பலமாக பிரேக் போட்டாலும் யாரும் விழமாட்டார்கள். காலி பஸ்ஸில்தான் கீழே விழுந்து பல்லை உடைத்துக்கொள்வார்கள். இது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

கொய்யா, மாதுளை, அத்தி, சீத்தா. நான்கும் ஒரே குழிக்கு என்றாள். நர்சரிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். கன்றுகளைக் கொலை செய்யப் போவதாக இருந்தால் காய்ந்து போனவற்றையே இனாமாகத் தருகிறேன் என்றார். ரைட்டம்மா நல்லதாகவே பார்த்து, காய்த்த கிளையில் பதியன் போட்டு எடுத்த கொய்யாவாக வேண்டும், உள்ளே சிவப்பாக இருக்கும் ஜாதியாக வேண்டும் என்று அதட்டி வாங்கி வந்தாள்.

அவள் நட்ட விதத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும். அகலமாக ஒரு குழி. அதற்குள் நான்கு கன்றுகளையும் முதுகோடு முதுகு சேர்த்து, ஒவ்வொன்றின் தலையும் ஒவ்வொரு திசையில் வெளிப்பக்கம் சாயும்படி நிறுத்தினாள். முதலில் காய்க்கக்கூடிய கொய்யா கதவுப் பக்கம். நிதானமாகக் காய்க்கும் சீத்தா சுவர்ப் பக்கம். அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவன் படியோரம் நிற்கட்டும், கடைசி ஸ்டாப் போகிறவன் உள்ளே தள்ளிப் போகட்டும் என்ற அதே சட்டம்தான். மண்ணைத் தள்ளும்போது வாய் தானாக முணுமுணுத்தது. "உள்ள போ, உள்ள போ, உள்ளதான் அவ்வளவு எடம் இருக்கே."

டிரைவர் கதவில் சாய்ந்து நின்று, ஓவர்லோடு என்றார். செக்கிங் வந்தால் மாட்டுவாய் என்றார். அவளோ மேற்குச் சுவரோரமாக இன்னொரு குழி தோண்டி அதில் ஒரு மாவையும் ஒரு சப்போட்டாவையும் சேர்த்து நிறுத்தினாள். மாலை வெயிலை அவை இரண்டும் தாங்கிக்கொள்ளுமாம். நாலு பேர் போகிற இடத்துக்கு இரண்டு பேர் துணை.

சும்மா இருப்பாரா டிரைவர்? முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி வேண்டும் என்பதை வேதமாக வைத்து வாழ்ந்தவர். அவரும் ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கிவந்து, எதிர் மூலையில், எதுவும் இடிக்காத தூரத்தில், ராஜமரியாதையோடு நட்டார். அந்த எலுமிச்சை தன்னந்தனியாக வெயிலை வாங்கி வாங்கி, சித்திரவதைப்பட்டு, ஒரு மாதத்தில் உயிரை விட்டது. செத்துவிட்டதே என்று அண்ணி கேட்டதற்கு, சாகவில்லை, லீவில் இருக்கிறது என்றார்.

அங்கே குழிக்குள்ளோ நான்கும் கிசுகிசுத்துக்கொண்டு வளர்ந்தன. ஒன்றின் நிழல் இன்னொன்றின் காலில் விழுந்தது. ரைட்டம்மா தெருவில் கூட்டிக் குவித்த சருகையெல்லாம் மூட்டை கட்டிவந்து வேருக்கு மெத்தை போட்டாள். பிஞ்சுத் தண்டுகள் வெயிலில் வெடிக்காமலிருக்கச் சுண்ணாம்பு அடித்தாள். தண்ணீர் விடுவதற்கு மட்டும் எதிரியின் உதவி தேவைப்பட்டது. மோட்டார் சுவிட்ச் வாசல் பக்கம், குழாய் பின்பக்கம். கூப்பிட்டால் கேட்காது. அதனால் அவள் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டு ஊதினால் டிரைவர் மோட்டாரைப் போட வேண்டும், ஒன்று ஊதினால் நிறுத்த வேண்டும். எவ்வளவு சண்டை இருந்தாலும் விசிலுக்கு அவர் கட்டுப்பட்டார். உடம்பில் ஊறிப்போன ஒன்று அது. ஒருநாள் அவர் தன்னைக் கேலி செய்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, வேண்டுமென்றே ஒரு நீள விசில் ஊதினாள். அவர் வலது கால் தரையை அழுத்தியபடி அப்படியே நின்றுவிட்டார். அன்று முழுக்க அண்ணி மாடியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது, போனது. மரங்கள் தலைக்கு மேல் ஏறின. ஒருநாள் ரைட்டம்மா கத்திரியோடு வந்து, கையை உயரத் தூக்கிப் பார்த்து, அதற்கு மேலே போன கிளைகளையெல்லாம் கட் கட்டென்று நறுக்கினாள். உள்பக்கம் ஒன்றையொன்று குத்திய கொப்புகளையும் விடவில்லை. பஸ்ஸில் கைப்பிடிக் கம்பி இருக்கும் உயரம்தான் கணக்கு. கம்பிக்கு மேல் யார் தலையும் போகக்கூடாது. டிரைவருக்கே மனசு கேட்கவில்லை. ஓடி வந்தார்.

"ஏய் ரைட்டு, உனக்குப் பைத்தியமா? வளர்ற புள்ள தலைய வெட்டுவாங்களா யாராவது?"

"உயரமா வளந்து என்ன பண்ணப் போவுது டிரைவர் சார், எட்டிப் பாத்து ஓவர்டேக் பண்ணவா? கை எட்டற எடத்துல காய்ச்சாதான் எனக்குப் பழம். எட்டாத எடத்துல காய்ச்சா காக்காய்க்குப் பழம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் அன்றிலிருந்து தினமும் ஒரு தரம் பின்பக்கம் வந்து, வெட்டிய இடத்தில் துளிர் வந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வெயில் காலம் வந்தது. தெருவே வாடி வதங்கிக் கிடந்தது. ரைட்டம்மாவின் குழிக்குள் மட்டும் குளுகுளுவென்று ஒரு இருட்டு. கொய்யா பூத்து, பிஞ்சு விட்டது. அத்தியின் கணுக்களில் பச்சை முடிச்சுகள் வந்தன. ரைட்டம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அண்ணியின் நிபந்தனையை ஒரு நாளைக்கு நாலு தரம் நினைத்துக்கொள்வாள். பழுக்க வேண்டும். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மழைக்கு முன்னால்.

முதல் கொய்யா மஞ்சள் கட்டியது. நாளைக்குப் பறிக்கலாம் என்று அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். விடிந்து போய்ப் பார்த்தால் காம்பு மட்டும் இருந்தது.

அணில் என்றார் டிரைவர். அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

அடுத்தது அத்தி. இரண்டு பழம் கனிந்து தேன் சொட்டும் பதத்தில் இருந்தது. மறுநாள் இல்லை. மறுபடியும் அணில். அணில்களின் குலத்தையே டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். தகர டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டார். போதாதென்று தன் பழைய காக்கிச் சட்டையைக் குச்சியில் மாட்டி, கொய்யா மரத்துக்குப் பக்கத்திலேயே காவலுக்கு நட்டுவைத்தார். எதிராளிக்காக இவ்வளவு பாடுபடும் எதிரியை உலகம் கண்டதில்லை. ரைட்டம்மா நெகிழ்ந்துகூடப் போனாள். ஆனாலும் பழுக்கப் பழுக்கப் பழங்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஒருநாள் அவள் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தாள். அணில் தின்றால் கீழே துணுக்கு சிந்தும். பாதியைக் கடித்துப் பாதியைப் போட்டுவிட்டு அடுத்த பழத்துக்குத் தாவும். இந்த அணில் ஒரு துகள்கூடச் சிந்தாமல், பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்து, காம்பைத் திருகி எடுத்திருக்கிறது. ரொம்ப நாகரிகமான அணில்.

டிக்கெட் எடுக்காமல் வருகிறவனை பஸ்ஸில் வித்தவுட் என்பார்கள். வாழ்நாள் முழுக்க வித்தவுட்டுகளைப் பிடித்தவள் அவள். வித்தவுட் எப்படி இருப்பான்? ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்ப்பான். இல்லையென்றால், கண்டக்டரிடம் தானாகவே பேச்சுக் கொடுத்து, இந்தக் காலத்தில் டிக்கெட் எடுக்காமல் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று வருத்தப்படுவான். காக்கிச் சட்டை காற்றில் கையை ஆட்டியது. ரைட்டம்மா அதை உற்றுப் பார்த்தாள். அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

வித்தவுட்டைப் பிடிக்க டிக்கெட் எடுத்தாயா என்று கேட்கக்கூடாது. சத்தியம் செய்வான். எங்கே ஏறினாய் என்று பேச்சுவாக்கில் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ரைட்டம்மா அண்ணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நர்சரிக்காரன் தன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்றாள். உள்ளே சிவப்பாக இருக்கும் கொய்யா என்று சொல்லி வெறும் வெள்ளைக் கொய்யாவைத் தலையில் கட்டிவிட்டானாம். இலையைப் பார்த்தாலே தெரிகிறதாம். வெள்ளைக் கொய்யா, சப்பென்று இருக்கும், விதை வேறு பல்லை உடைக்கும், இந்த மரம் இருந்தால் என்ன, போனால் என்ன என்றாள்.

டிரைவரின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"சும்மா வாய்க்கு வந்தத பேசாத ரைட்டு. உள்ள நல்ல ரத்தச் சிவப்பு. விதையும் கம்மிதான். அந்த மரத்தப் போயி சப்புன்னு இருக்குங்கற."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது தெரிந்தது. டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்தார்.

"எங்க ஏறுனீங்க?" என்று ரைட்டம்மா அமைதியாகக் கேட்டாள்.

தப்பிக்க வழியில்லை. ஒப்புக்கொண்டார். முதல் ட்ரிப் எடுத்த பழக்கத்தில் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. முதல் பழத்தைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிடத்தான் பறித்தார். சும்மா ஒரு கடி கடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு எறிய மனசு வரவில்லை. அவ்வளவு இனிப்பு. இரண்டாவது பழத்தை ஷெட்டுக்காகத் தின்னவில்லை, ருசிக்காகவே தின்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கத்தைவிட அந்த ருசிதான் அதிகம் தெரிந்தது.

ரைட்டம்மா அண்ணியின் பக்கம் திரும்பி நியாயம் கேட்டாள். நீதிபதியோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

"அண்ணி?"

"மாடி ஜன்னல்லேர்ந்து ஒருநாள் இவனப் பாத்துட்டேம்மா. புடிச்சிக் கேட்டேன். வாய மூடிக்கோன்னு ஒரு பாதிய நீட்டுனான்." அண்ணியின் குரல் மெலிந்துகொண்டே போனது. "அத்தியும் குடுத்தான். நல்லாதாம்மா இருந்துச்சு."

டிரைவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். நிபந்தனைப்படி மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லையே என்று ஒரு பாயிண்டை எடுத்துவிட்டார். அண்ணிக்கும் சட்டப்படி அது சரியாகத்தான் பட்டது. இருவரும் ரைட்டம்மா கத்தப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தால் வித்தவுட்டுகள் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருக்கிறார்கள்.

அவள் கத்தவில்லை. மூன்று டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாயிருந்துச்சுன்னு ரெண்டு பேரும் சொல்றீங்க. நட்டவ நான். இன்னும் ஒரு வாய் கூடப் பாக்கல."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அந்த வார்த்தை டிரைவரின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், விளக்குப் போடும் வரை அப்படியே இருந்தார்கள்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் விசில் சத்தமே கேட்கவில்லை. மோட்டாரை அவளே வாசலுக்கு நடந்து போய்ப் போட்டாள், அவளே நடந்து வந்து நிறுத்தினாள். சமைத்தாள், பரிமாறினாள், ஒரு வார்த்தை இல்லை. டிரைவர் காக்கிச் சட்டையை மரத்தடியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கார் தயாராகிவிட்டது என்று மெக்கானிக் சொல்லியனுப்பினார். டிரைவர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அத்தி தீர்ந்துபோயிருந்தது, கொய்யாவில் மிச்சம் ஒரே ஒரு காய்தான். இலைகளுக்குள்ளே ஒளிந்திருந்த அதை அணிலும் பார்க்கவில்லை, நாகரிக அணிலும் பார்க்கவில்லை. அது இன்னும் கல் மாதிரிப் பச்சையாக இருந்தது. ரைட்டம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு வானத்தைப் பார்ப்பாள். வானம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. பழமே, பழுத்துவிடு. மேகமே, பொறுத்துக்கொள். அவள் வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் திடீரென்று காற்று மாறியது. மண் வாசனை எங்கிருந்தோ வந்து கதவைத் தட்டியது. துணியை எடுக்கப் போனவள் துணியை மறந்து கொய்யாவிடம் போனாள். கையில் பிடித்துப் பார்த்தாள். அதே கல். இதைப் பறித்துப் பழம் என்று நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஒருநாளும் பொய் டிக்கெட் கிழிக்காத கை அது. தெருவில் முதல் துளிகள் விழுந்து, தகரக் கூரைகள் சடசடக்கும் சத்தம் இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. தோற்றுப்போய்விட்டோம் என்று அவள் மரத்தை விட்டுக் கையை எடுத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அப்போது பின்கதவு படாரென்று திறந்தது. டிரைவர் வீட்டில் இருந்ததிலேயே பெரிய கறுப்புக் குடையை விரித்தபடி ஓடி வந்தார். தான் அழுவதைப் பார்த்து, தனக்குக் குடை பிடிக்கத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய், அந்தக் கொய்யா மரத்தின் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பிடிக் கம்பி உயரத்துக்கு வெட்டிய மரம் குடைக்குள் கச்சிதமாக அடங்கியது.

"அக்கா," என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாத்துக்கோ. இந்த மரத்துக்கு இன்னும் மழை வரல."

அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மழை இப்போது நன்றாகவே பிடித்துக்கொண்டது. டிரைவரின் முதுகு தொப்பலாக நனைந்தது. குடையை ஓர் அங்குலமும் அசைக்கவில்லை.

"காய் கல்லு மாதிரி இருக்குங்க," என்றாள் ரைட்டம்மா. இத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "பழுக்க நாலு நாள் ஆகும்."

"ஆகட்டும். நான் எங்க போறேன்? சாப்பாட்ட இங்கயே குடுத்துடு."

"ராத்திரி?"

"நீ கொஞ்ச நேரம் புடி. நான் கொஞ்ச நேரம். ஷிப்டு போட்டுக்கலாம்."

ரைட்டம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அது ஏற்கெனவே நனைந்திருந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மெக்கானிக்குக்கு என்ன சொல்வது, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டாள். வண்டி வாசலில் நிற்கும், ஒரு தார்ப்பாய் போதும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தடுக்கியது. ஆனால் சொல்லிவிட்டார்.

அவள் அதற்குமேல் நாலு நாள் காத்திருக்கவில்லை. இலைகளுக்குள் கைவிட்டு அந்தக் கொய்யாவைத் திருகிப் பறித்தாள். அதற்குள் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சமையலறைக் கத்தியும் கையுமாக மாடிப்படியில் இறங்கி வந்துவிட்டாள். டிரைவர் குடைக் காம்பை மரத்தின் மேல் கொப்புகளுக்குள் செருகி நிறுத்த, மூவரும் சருகு மெத்தையின் மேலேயே, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். கத்தி பாதி வரை போய் நின்றுவிட்டது. டிரைவர் உள்ளங்கையால் அழுத்தி அதை மூன்று துண்டாக்கினார். உள்ளே வெளிறிய ஒரு சிவப்பு அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

ரைட்டம்மா கடித்தாள். துவர்த்தது. நாக்கைச் சுருட்டி இழுக்கும் துவர்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், இன்னும் வேண்டும்போல இருந்தது. முன்னால் தின்றதெல்லாம் இதைவிட இனிப்பு என்று டிரைவர் வாய் தவறிச் சொல்லி, முழங்கையால் ஓர் இடி வாங்கினார்.

தீர்ப்புக்காக இருவரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவளுடைய துண்டு வாய்க்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கடைவாய்ப் பல் ஆடுவதுபோலத் தெரிந்தது. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, சிரமப்பட்டு விழுங்கினாள்.

"பழம்தான்," என்றாள். "நல்லா பழுத்த பழம்."

குடை அப்போதும் மரத்துக்கு மேலேதான் இருந்தது. மூன்று பேரும் நனைந்துகொண்டே மென்றார்கள்.